சிட்டு தேடி வரும் சேஜ் செடி: விதையிலிருந்து வளர்க்க 22 குறிப்புகள்

கலிபோர்னியாவில் தமிழர் வீட்டுப் பின்புறத்தை எட்டிப் பார்த்தால் தொட்டியில் கறிவேப்பிலை, வேலியோரம் முருங்கை, வாசல் பக்கம் மல்லிகை என்று நம் ஊரே இருக்கும். இருக்கட்டும். அவற்றோடு அந்த மண்ணிலேயே பிறந்த செடி ஒன்றும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு என் முதல் சிபாரிசு சேஜ். துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் இதுவும் ஒன்று. தண்டைத் தடவினால் நான்கு பட்டை தெரியும், இலையைக் கசக்கினால் கை மணக்கும். மழையே இல்லாத கோடையைத் தாங்கி நிற்கும். பூத்துவிட்டால் ஹம்மிங்பேர்ட் தானாக வரும்.

ஹம்மிங்பேர்ட் எனும் ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. நம் ஊர்த் தேன்சிட்டும் பூவில் தேன் குடிக்கும் என்றாலும் அது வேறு குலம். கலிபோர்னியாவின் கடலோரத்தில் அதிகம் தென்படுவது அன்னா ரீங்காரச்சிட்டு. எடை 4 கிராம் அளவுதான். ஆண் பறவைக்குக் கழுத்தும் தலையும் வெயில் பட்டால் ரோஜா நிறத்தில் மின்னும். குளிர்காலத்திலும் ஊரை விட்டுப் போகாது. ஆகவே ஆண்டு முழுவதும் அதற்குப் பூ வேண்டும்.

1. சேஜில் பல வகை உண்டு. ரீங்காரச்சிட்டுக்காகவே வளர்ப்பதானால் ‘ஹம்மிங்பேர்ட் சேஜ்’ வகையில் தொடங்குங்கள். தாவரப் பெயர் சால்வியா ஸ்பாதேசியா. கலிபோர்னியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத செடி இது. ஓக் மர நிழலில் இலை தரையோடு படர்ந்து கிடக்கும். வசந்தத்தில் 1 முதல் 3 அடி உயரத்துக்குப் பூந்தண்டு எழும்பி, அடுக்கடுக்காக அடர்ந்த மெஜந்தா நிறப் பூக்கள் விடும். பூவை அருகில் போய்ப் பாருங்கள்: நீண்ட குழல், அதன் வாயைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தக் காம்புகள். சிட்டு அந்தரத்தில் நின்றபடி அலகை உள்ளே விடும்போது மகரந்தம் அதன் தலையில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். நல்ல வெயிலடிக்கும் இடம்தான் இருக்கிறது என்றால் கிளீவ்லண்ட் சேஜ் பொருத்தம். சான் டியாகோ பக்கத்துச் செடி, ஊதா கலந்த நீலப் பூ, 3 முதல் 5 அடிப் புதர். மணத்தில் இதை மிஞ்ச வேறு சேஜ் இல்லை என்பது என் கட்சி. பிளாக் சேஜ், பர்ப்பிள் சேஜ் இரண்டுக்கும் இடம் நிறைய வேண்டும். தேனீக்கள் மொய்க்கும், சிட்டும் வரும்.

2. கடையில் ‘சேஜ்’ என்று மட்டும் எழுதியிருக்கும் விதைப் பாக்கெட் பெரும்பாலும் மத்தியதரைக்கடல் நாட்டுச் சமையல் மூலிகையாக இருக்கும். நல்ல செடிதான், ஆனால் நாம் தேடுவது அதுவன்று. பாக்கெட்டில் தாவரப் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

3. விதைக்கு, உள்நாட்டுச் செடிகளுக்கென்றே இருக்கும் நர்சரிகளுக்குப் போங்கள். லாஸ் ஏஞ்சலஸின் சன் வேலியில் தியடோர் பெயின் அறக்கட்டளை பல காலமாக இந்த விதைகளை விற்கிறது. 1965-இல் தொடங்கிய கலிபோர்னியா உள்நாட்டுத் தாவரச் சங்கத்துக்கு ஊர் ஊராகக் கிளைகள் உண்டு. இலையுதிர் காலத்தில் செடி விற்பனை நடத்துவார்கள். அங்கே நிற்கும் தன்னார்வலர்களிடம் உங்கள் தெருவின் மண்ணைப் பற்றிக் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள்.

4. மலையேறப் போகும்போது காட்டுச் செடியிலிருந்து விதையோ கிளையோ எடுத்து வராதீர்கள். பூங்கா நிலங்களில் அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். வெள்ளை சேஜ் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சூமாஷ், டோங்வா, கவீயா போன்ற பூர்வகுடி மக்களுக்கு அது வழிபாட்டுக்கும் மருந்துக்கும் உரிய செடி. புகை போடும் கட்டுகளாக உலகெங்கும் விற்பதற்காக, தென் கலிபோர்னியாவின் மலையடிவாரங்களில் அதை மூட்டை மூட்டையாக வெட்டித் திருடுகிறார்கள். அந்தக் கட்டுகளைக் காசு கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக வீட்டில் ஒரு வெள்ளை சேஜ் வளர்ப்பது எவ்வளவோ மேல்.

5. ஆடிப்பட்டம் இங்கே உதவாது. ஆடி மாதம் கலிபோர்னியாவில் மண் பொரியும் காலம். இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில் எட்டிப் பார்த்து பங்குனி வாக்கில் விடைபெறும். சேஜ் விதைக்கும் அதுவே பட்டம். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிவதற்குள் விதையுங்கள். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே மாதங்கள்தான். குளிரும் சேர்ந்துகொள்ளும் என்பதே வித்தியாசம். முளைத்த நாற்று குளிர்காலம் முழுவதும் சத்தமில்லாமல் வேரை இறக்கும். வசந்தத்தில் விதைத்தால் வேர் ஆழம் போவதற்குள் கோடை வந்துவிடும்.

6. விதைக்கத் தனிச் சட்டி வாங்க வேண்டாம். பெரிய தயிர் டப்பாவின் அடியில் ஐந்தாறு துளை போட்டால் போதும். மண் கலவை சீக்கிரம் வடிய வேண்டும்: கடையில் கிடைக்கும் கள்ளிச்செடிக் கலவை, அல்லது சாதாரணத் தொட்டி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட். உரம் கலந்த மண் வேண்டாம்.

7. கலவையை நனைத்து, தண்ணீர் வடிந்த பிறகு விதையை மேலே தூவுங்கள். விரலால் இலேசாக அழுத்தி, விதை மறையும் அளவுக்கு மணல் தூவினால் போதும். ஆழப் புதைத்தால் முளைப்பு குறையும். பெயரையும் தேதியையும் டப்பாவில் எழுதி வையுங்கள். குருத்தாக இருக்கும்போது எல்லா சேஜும் ஒரே முகம்.

8. சேஜ்களில் சியா மட்டும் நேரே தரையில் விதைக்க வேண்டியது. கடையில் விற்கும் மெக்சிகோ சியாவுக்கு இது கலிபோர்னியப் பங்காளி. சால்வியா கொலம்பேரியே என்று பெயர். ஒரே பருவத்துச் செடி. விதை நனைந்ததும் ஃபலூடாவில் போடும் சப்ஜா விதையைப் போல வழவழவென்று உறை கட்டிக்கொள்ளும். அதனால் ஊறவைத்து விதைக்க முயல வேண்டாம்: கையில் ஒட்டும், கட்டி கட்டியாக விழும். முதல் மழைக்கு முன் உலர்ந்த விதையை மணலோடு கலந்து வெயில்படும் வெற்றுத் தரையில் வீசி, வாருகோலால் ஒரு முறை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. வசந்தத்தில் நீலப் பூப்பந்துகள் வரும். சிட்டுக்கு இதில் கிடைப்பது கொஞ்சம்தான், தேனீக்கு நிறைய.

9. முளைப்பு ஒரே நாளில் நடக்காது. இரண்டு வாரத்தில் சில தலைகாட்டும், சில ஒரு மாதம் கழித்து வரும், சில வரவே வராது. காட்டுச் செடியின் குணம் அது. ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால் அடுத்து வரும் வறட்சியில் வம்சமே போய்விடும் அல்லவா? வெள்ளை சேஜில் இந்தப் பிடிவாதம் அதிகம். எனவே தேவைக்கு மூன்று மடங்கு விதையுங்கள். முளைக்கவில்லையே என்று டப்பாவைச் சீக்கிரம் கொட்டிவிடாதீர்கள்.

10. மேலிருந்து பூவாளியால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். டப்பாவைத் தட்டில் வைத்துத் தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். மேல்மண் நிறம் மாறியதும் டப்பாவை வெளியே எடுத்துவிட வேண்டும். எந்நேரமும் நின்ற தண்ணீரில் இருந்தால் நாற்றழுகல் நோய் வரும்: தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் கறுத்து, நாற்று சாய்ந்துவிடும். டப்பாவை ஜன்னலுக்குள் வைக்காமல் வெளியே வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் வையுங்கள். பலத்த மழைக்கு மட்டும் தாழ்வாரத்துக்கு நகர்த்தினால் போதும்.

11. நத்தைக்கு இளம் நாற்று என்றால் விருந்து. டப்பாவை மேசை மீது ஏற்றுங்கள். இரவில் டார்ச் அடித்துப் பார்த்துக் கையால் பொறுக்குவதுதான் நம்பகமான வழி. குருவிகள் கொத்தாமலிருக்கக் கம்பிவலை மூடி போடலாம்.

12. வித்திலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் நாற்றுகளைப் பிரித்து 4 அங்குலச் சட்டிக்கு ஒன்றாக மாற்றுங்கள். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் வேறு வரும். தண்டு நசுங்கினால் நாற்று போயிற்று. வேர் சட்டியை நிறைத்ததும், மழைக்காலம் மிச்சமிருந்தால் பிப்ரவரியில் தரையில் நடலாம். நாற்று சின்னதாக இருந்தால் கோடையை அரைநிழலில் சட்டியிலேயே கழிக்கவிட்டு அடுத்த நவம்பரில் நடுவது நல்லது.

13. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மண்ணைச் சோதியுங்கள். ஓர் அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மறுநாள் வரை தேங்கி நின்றால் அது களிமண். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பல வீடுகளில் அப்படித்தான். அங்கே ஓர் அடி உயர மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். ஹம்மிங்பேர்ட் சேஜுக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் வேண்டும். மற்ற சேஜ்களுக்கு நாள் முழுதும் வெயில்.

14. குழியில் தொழுவுரம், கம்போஸ்ட், மீன் கரைசல் எதுவும் வேண்டாம். கொழுத்த மண்ணில் தண்டு நீண்டு தளர்ந்து சாயும், ஆயுளும் குறையும். மேலே மரத்தூள் அல்லது சருகு மூடாக்கு போடலாம், செடியின் கழுத்தை விட்டு ஒரு சாண் தள்ளி. தோட்டத்தில் கொஞ்சம் வெற்று மண்ணையும் மூடாமல் விடுங்கள். இங்கத்திய காட்டுத் தேனீக்கள் பல அதில்தான் வளை தோண்டுகின்றன.

15. இனித் தண்ணீர். சேஜை வளர்க்க முயன்று கைவிட்டவர்களை விசாரித்தால் தண்ணீர் போதாமல் செடி செத்ததாகச் சொல்வார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது நேர்மாறானது. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை. சான் ஹோசேக்கு 40 செ.மீ.கூடக் கிடையாது, அதுவும் குளிர்காலத்தில் மட்டும். கோடையில் சூடான மண்ணில் ஈரத்தையே காணாத செடி இது. சூடும் ஈரமும் சேர்ந்தால் ஃபைட்டோப்தோரா எனும் வேரழுகல் கிருமிக்குக் கொண்டாட்டம். வேர் பழுப்பேறி அழுகும்போது இலை வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம், அதோடு கதை முடிந்துவிடும். அதனால் வாடிய செடியைக் கண்டதும் குழாயைத் திறக்காமல், முதலில் விரலை 3 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர் வேண்டாம்.

நவம்பரில் நட்ட செடிக்கு மழையே போதும். இரண்டு வாரம் மழை பெய்யாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். முதல் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதிகாலையில், மெதுவாக, வேருக்கு ஆழமாக இறங்கும்படி. இரண்டாம் கோடையிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை. வேரூன்றிய கிளீவ்லண்ட் சேஜுக்குப் பல இடங்களில் அதுகூடத் தேவைப்படாது. ஆகஸ்டில் இலை சுருங்கும், நிறம் மங்கும், கொஞ்சம் உதிரும். அது வெயிலைத் தாங்கச் செடி எடுக்கும் ஓய்வு. முதல் மழையில் துளிர்க்கும், பொறுத்திருங்கள்.

16. கறிவேப்பிலைக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும், சேஜுக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே சொட்டுநீர்க் குழாயில் இணைத்தால் ஒன்று பிழைக்கும், ஒன்று போகும். அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் கொடுங்கள். புல்தரைக்கான தெளிப்பான் சேஜ் இலை மீது படாதபடி திருப்பி வையுங்கள். ஹம்மிங்பேர்ட் சேஜ் இலையில் சாம்பல் நோய் வரக்கூடியது. இலைகளுக்கிடையே காற்றோட்டம் இருக்கட்டும்.

17. ஒற்றைச் செடியைவிட மூன்று நான்கு சேர்ந்த கொத்து சிட்டின் கண்ணில் சீக்கிரம் படும். இடமிருந்தால் வீட்டின் முன்பக்கம் ஒரு கொத்து, பின்பக்கம் ஒரு கொத்து நடுங்கள். ஆண் ரீங்காரச்சிட்டு தன் பூப்பரப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காது, மற்ற சிட்டுகளைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாமல் இருந்தால் இரண்டு சிட்டுகள் பிழைக்கும்.

18. ஹம்மிங்பேர்ட் சேஜ் பூப்பது பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை. கிளீவ்லண்ட் சேஜ் மே மாதத்தில் தொடங்கிக் கோடையைப் பார்த்துக்கொள்ளும். மிச்ச மாதங்களுக்குத் துணைச் செடிகள் வேண்டும். ஆகஸ்ட் முதல் இலையுதிர் காலம் வரை கலிபோர்னியா ஃபியூஷியா ஆரஞ்சு கலந்த சிவப்பில் பூக்கும். இதற்கும் தண்ணீர் அதிகம் தேவையில்லை. குளிர்காலத்துக்கு மான்சனீட்டா புதரும், சிவப்புப் பூத் தொங்கும் முள் நெல்லி வகையான ரைபீஸ் ஸ்பீசியோசமும். அன்னா ரீங்காரச்சிட்டு டிசம்பரிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடுவதால் இந்தக் குளிர்காலப் பூக்களை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

19. செடி பூக்கும்வரை சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிடலாம். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை கூடாது: அவற்றிலுள்ள இரும்புச்சத்து இந்தப் பறவைக்கு ஆகாது. தேனும் சிவப்புச் சாயமும் வேண்டவே வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கொரு முறை கொட்டிக் கழுவ முடியாதவர்கள் குப்பியே வைக்காதீர்கள். புளித்த தண்ணீர் சிட்டுக்கு நோய் தரும். பூவுக்கு அந்தக் கவலை இல்லை.

20. தேன் மட்டும் குடித்து எந்தச் சிட்டும் வாழாது. சின்னப் பூச்சியும் சிலந்தியும்தான் அதற்குப் புரதம். குஞ்சுகளுக்கு அதுவே முக்கிய உணவு. கூட்டைப் பின்னுவதும் சிலந்தி நூலால்தான். எனவே பூச்சிமருந்து அடிக்காதீர்கள், வேலியோரச் சிலந்தி வலையை விட்டுவையுங்கள். நர்சரியில் செடியாக வாங்கினால் நியோனிகோட்டினாய்டு மருந்து போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பூனையை உள்ளேயே வைத்திருங்கள்.

21. முன்வாசல் புல்தரையை எடுத்துவிட்டு நடுவதானால் மூன்று விஷயம். குறைந்த நீரில் வளரும் செடிகளைக் குடியிருப்போர் சங்கம் ஒட்டுமொத்தமாகத் தடைசெய்ய முடியாது; கலிபோர்னியா சிவில் சட்டப் பிரிவு 4735 உங்கள் பக்கம் இருக்கிறது. புல்தரையை அகற்றுவதற்குப் பல நீர்வாரியங்கள் பணம் தருகின்றன. பெரும்பாலும் புல்லை எடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. மூன்றாவது, சேஜ் இலையில் எண்ணெய் உண்டு, தீப்பற்றும். காட்டுத்தீ அபாயமுள்ள பகுதியில் வீட்டுச் சுவரிலிருந்து முதல் 5 அடிக்குள் நடாதீர்கள்.

22. பூ முடிந்ததும் தண்டை உடனே வெட்டிவிட வேண்டாம். புல்லிவட்டம் காய்ந்து பழுப்பாகட்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு விதை வரை இருக்கும்; காகிதப் பைக்குள் தண்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் விழும். நிழலில் உலர்த்தி, உமியை ஊதி, காகித உறையில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெவ்வேறு சேஜ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்திருந்தால் விதை கலப்பாக வரலாம். தாய்ச்செடியைப் போலவே வேண்டுமென்றால் போத்து வெட்டி வைப்பதுதான் வழி. ஹம்மிங்பேர்ட் சேஜின் பழைய பூந்தண்டுகளை மழைக்கு முன் அடியோடு வெட்டுங்கள், நிலத்தடித் தண்டிலிருந்து புதிது வரும். கிளீவ்லண்ட் சேஜில் பசிய கிளையின் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்கள். முற்றிய மரத்தண்டில் வெட்டினால் பலசமயம் துளிர்க்காது. கத்தரி எடுக்கும் முன், பக்கத்துப் பெரிய புதர்களையும் மரக்கிளைகளையும் ஒரு முறை பாருங்கள். இரண்டு முட்டை கொள்ளும் சின்னக் கிண்ணம் போல் கூடு தென்பட்டால் குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் கிளைப் பக்கம் போகாதீர்கள். 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது குற்றமும்கூட.